அன்னை அந்தோனியா பிரென்னர்: செல்வச் சூழலில் இருந்து சிறைக்கூடத்திற்கு

அன்னை அந்தோனியா பிரென்னர் (டிசம்பர் 1, 1926 – அக்டோபர் 17, 2013) அமெரிக்காவில் பிறந்த கத்தோலிக்கத் துறவி. இயற்பெயர் மேரி கிளார்க். மெக்சிகோ நாட்டின் டிஹுவானா நகரில் உள்ள லா மேசா சிறையில், கைதிகளுடன் ஒருவராக ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து பணி செய்தார். இருமுறை மணந்து, இருமுறை மணமுறிவு பெற்று, ஏழு பிள்ளைகளை வளர்த்து, ஐம்பது வயதை ஒட்டித் துறவை ஏற்றவர். தன்னைப் போலப் பிந்திய வயதில் துறவற அழைப்பை உணரும் பெண்களுக்காக 'பதினோராம் மணி வேளையின் யூடிஸ்ட் ஊழியர்கள்' என்ற சபையை நிறுவினார். சிறைக்கைதிகள் அவரை 'லா மாமா' (அம்மா) என்று அழைத்தனர். 'சிறைத் தேவதை' என்ற பெயரும் அவருக்கு உண்டு.

பிறப்பு, இளமை

மேரி கிளார்க் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1926-ஆம் ஆண்டு டிசம்பர் 1 அன்று பிறந்தார். தந்தை ஜோசப் கிளார்க். மேரி சிறு குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். ஜோசப் வறுமையில் இருந்து உழைத்து மேலே வந்தவர். அலுவலகப் பயன்பாட்டுப் பொருட்களை விற்கும் அவரது வணிகம் வளர்ந்தபின், குடும்பம் பெவர்லி ஹில்ஸ் பகுதியில் குடியேறியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டிய இப்பகுதி, ஹாலிவுட் திரைக்கலைஞர்களும் பெருவணிகர்களும் வாழும் இடம்.

வசதியான வீட்டில் வளர்ந்தாலும், இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் வழக்கத்தை மேரி தந்தையிடம் இருந்தே கற்றார். பிற்காலத்தில் அவரது பணிக்கு அடித்தளமாக அமைந்த வேறொரு திறமையும் தந்தையிடம் இருந்தே வந்தது. ஒருவரிடம் நேரில் சென்று, கூச்சமில்லாமல், தேவையானதைக் கேட்டுப் பெறும் வணிகரின் திறமை அது.

இல்லற வாழ்க்கை

மேரி இளம் வயதிலேயே மணம் செய்துகொண்டார். முதல் குழந்தை பிறந்த சிறிது காலத்தில் இறந்தது. அந்த மணவாழ்க்கை முறிந்தபின் இரண்டாவது முறை மணந்தார். பிரென்னர் என்ற பெயர் இரண்டாவது கணவரின் குடும்பப் பெயர். இரு திருமணங்களிலும் பிறந்தவர்களில் ஏழு பிள்ளைகள் வளர்ந்து ஆளாயினர். இரண்டாவது திருமணமும் மணமுறிவில் முடிந்தது.

தந்தையின் மறைவுக்குப் பிறகு மேரி அவரது வணிகத்தைக் கவனித்தார். அதோடு ஏழை நாடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மருந்து, துணி, உணவுப்பொருள் ஆகியவற்றைத் திரட்டி அனுப்பும் அறப்பணிகளிலும் ஈடுபட்டார். லாஸ் ஏஞ்சலிஸ் மறைமாவட்டத்தைச் சேர்ந்த அருட்பணியாளர் அந்தோனி பிரவுவர்ஸ் இப்பணிகளில் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். பின்னாளில் துறவுப் பெயரைத் தேர்ந்தபோது, அவர் நினைவாகவே 'அந்தோனியா' என்ற பெயரை மேரி ஏற்றார்.

முதல் சிறைப் பயணம்

1965-ஆம் ஆண்டில் மேரி முதன்முறையாக லா மேசா சிறைக்குச் சென்றார். டிஹுவானா, அமெரிக்க எல்லையை ஒட்டிய மெக்சிகோ நகரம். எல்லைக்கு வடக்கே அமெரிக்காவின் சான் டியேகோ நகரம் உள்ளது. நிவாரணப் பொருட்களைக் கொண்டுசெல்லும் அருட்பணியாளர் ஒருவருடன் சென்ற பயணம் அது.

சிறையின் மருத்துவப் பகுதியில் நோயுற்ற கைதிகளைப் பார்த்தது மேரியைப் பாதித்தது. வீடு திரும்பியபின்னும் அவர்களை மறக்க முடியவில்லை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். குளிர் அடித்தால் அவர்களிடம் போர்வை இருக்குமா என்றும், மழை பெய்தால் அவர்கள் நனைவார்களோ என்றும் எண்ணம் ஓடியது. அதன்பின் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அங்கே சென்றார். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இருந்து டிஹுவானாவுக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, வாகனத்தில் மருந்தும் போர்வையும் ஏற்றிக்கொண்டு அந்தத் தூரத்தை அவர் பலமுறை கடந்தார்.

மேரி கிளார்க் திடீரென ஒரு நாள் வீட்டைத் துறந்து வெளியேறவில்லை. முதல் பயணத்துக்கும் சிறையில் குடியேறியதற்கும் இடையே ஏறத்தாழ 12 ஆண்டுகள் உள்ளன. பிள்ளைகள் வளரும்வரை அவர் தாயாகவும், சிறைக்கு வந்துபோகும் உதவியாளராகவும் இருவேறு வாழ்க்கைகளை வாழ்ந்தார்.

கனவு

1969-ஆம் ஆண்டில் கண்ட ஒரு கனவைத் தன் வாழ்வின் திருப்பமாக அவர் குறிப்பிட்டார். அக்கனவில் அவர் கல்வாரி மலையில் மரண தண்டனைக்குக் காத்திருக்கும் கைதியாக இருந்தார். இயேசு தோன்றி, அவருக்குப் பதிலாகத் தான் அத்தண்டனையை ஏற்பதாகக் கூறினார். மேரி அதை மறுத்து, என்ன நேர்ந்தாலும் அவரை விட்டு விலகமாட்டேன் என்றார். துறவு வாழ்வைத் தேர்ந்ததற்கு இக்கனவும் ஒரு காரணம் என்று அவர் பின்னர் கூறினார்.

திருச்சபைச் சட்டத்தின் தடை

மேரி துறவு பூண விரும்பியபோது, அவரை ஏற்றுக்கொள்ளும் சபை எதுவும் இல்லை. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

முதலாவது திருமணம். கத்தோலிக்கத் திருச்சபையில் திருமணம் ஓர் அருளடையாளம். அரசு நீதிமன்றம் மணமுறிவு வழங்கினாலும், திருச்சபையின் பார்வையில் செல்லத்தக்க திருமணத்தின் பிணைப்பு நீங்குவதில்லை. அப்பிணைப்பு இருக்கும்வரை ஒருவர் துறவற சபையின் பயிற்சி நிலையில் சேர்வது திருச்சபைச் சட்டப்படி செல்லாது. இரண்டாவது வயது. துறவற சபைகள் பொதுவாக இளம் பெண்களையே சேர்த்துக்கொண்டன. ஐம்பதை நெருங்கும் ஒருவரைப் பல ஆண்டுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள அவை முன்வரவில்லை.

வழக்கமான வழி அடைபட்ட நிலையில், மேரி தானே ஒரு வழியைத் தேடினார். உடைமைகளையும் விலையுயர்ந்த ஆடைகளையும் பிறருக்குக் கொடுத்தார். எளிய துறவாடை ஒன்றைத் தானே தைத்து அணிந்தார். எந்தச் சபையின் உறுப்பினராகவும் இல்லாமல், தனிப்பட்ட முறையில் வார்த்தைப்பாடு எடுத்தார். சபையின் ஒப்புதல் வரும்வரை பணியைத் தள்ளிவைக்காமல், பணியைத் தொடங்கிவிட்டு ஒப்புதலுக்காகக் காத்திருந்தார்.

அந்த ஒப்புதல் பின்னர் கிடைத்தது. சான் டியேகோ ஆயர் லியோ மாஹெர், டிஹுவானா ஆயர் ஹுவான் ஹெசூஸ் போசாதாஸ் ஒகாம்போ ஆகிய இருவரும் அவரது பணியை ஏற்று ஆசி வழங்கினர். எல்லையின் இரு பக்கத்து ஆயர்களும் ஏற்றதால், அமெரிக்காவில் பொருள் திரட்டி மெக்சிகோவில் பணி செய்வது எளிதாயிற்று.

அவருடைய பணிக்கு முன்னோடியாகக் கத்தோலிக்க மரபில் மெர்சிடேரியன் சபை உள்ளது. 1218-இல் ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் பேதுரு நொலாஸ்கோ என்பவர், சிறைப்பிடிக்கப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்பதற்காக நிறுவிய சபை அது. தேவைப்பட்டால் கைதிக்குப் பதிலாகத் தன்னையே பிணையாக ஒப்படைப்பது என்பது அச்சபைத் துறவிகளின் நான்காவது வார்த்தைப்பாடு.

லா மேசா சிறை

லா மேசா, பாஹா கலிஃபோர்னியா மாநில அரசின் சிறை. சிறு திருடர்கள் முதல் போதைப்பொருள் கடத்தல் குழுக்களைச் சேர்ந்தவர்கள், கொலைக் குற்றவாளிகள் வரை அனைவரும் அங்கே அடைக்கப்பட்டனர். கட்டப்பட்ட அளவை விடப் பல மடங்கு கைதிகள் அதில் இருந்தனர்.

அச்சிறையின் நடுவே 'எல் புவெப்லீத்தோ' (சிற்றூர்) என்ற பகுதி உருவாகியிருந்தது. அங்கே கடைகளும் உணவகங்களும் இருந்தன. சில கைதிகளின் மனைவி, பிள்ளைகளும் உள்ளேயே குடியிருந்தனர். பணம் உள்ளவர்கள் தனி வீடுகளை விலைக்கு வாங்கி வசதியாக வாழ்ந்தனர். பணம் இல்லாதவர்கள் நெரிசலான கொட்டடிகளில், சில வேளை வெறும் தரையில் படுத்தனர். போர்வை, மருந்து, நல்ல உணவு ஆகியவற்றுக்குக் கைதியின் குடும்பமே பொறுப்பு. குடும்பம் இல்லாத கைதிக்கு எதுவும் இல்லை. வெளியுலகின் ஏற்றத்தாழ்வு மதிலுக்குள் இன்னும் கூர்மையாக இருந்தது. அன்னை அந்தோனியாவின் பணி இந்த இடைவெளியில்தான் அமைந்தது.

சிறைக்குள் வாழ்க்கை

1977-இல், பிள்ளைகள் பெரும்பாலும் வளர்ந்துவிட்ட நிலையில், அன்னை அந்தோனியா சிறையிலேயே குடியேறினார். பெண்கள் பகுதியில் சுமார் பத்தடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட கொட்டடி அவருக்குக் கிடைத்தது. கைதிகள் உண்ட உணவையே உண்டார். குளிர்ந்த நீரில் குளித்தார். காலையில் கைதிகளை எண்ணும் வரிசையில் அவரும் நின்றார்.

வந்துபோகும் உதவியாளருக்கும் உடன்வாழ்பவருக்கும் உள்ள வேறுபாடு சிறையில் மிகப் பெரியது. பார்வையாளர் குறித்த நேரத்தில் வந்து, குறித்த நேரத்தில் வெளியேறுவார். சிறையின் கடினமான பொழுதுகள் அதன்பின்பே தொடங்கும். இரவில் வரும் நோய், புதிதாக வந்த கைதியின் முதல் இரவு, குழுச் சண்டை, காவலரின் அடி, தற்கொலை எண்ணம் ஆகியவற்றைப் பார்வையாளர் காண்பதில்லை. அன்னை அந்தோனியா அந்த நேரங்களில் அங்கே இருந்தார். வன்முறை செய்யும் காவலரையும், பிறரை மிரட்டும் கைதியையும் கேள்வி கேட்கும் உரிமையை அந்த இருப்பே அவருக்குத் தந்தது.

பணிகள்

அன்னை அந்தோனியா செய்த பணிகள் பெரும்பாலும் எளியவை. அவற்றுள் முக்கியமானவை:

போர்வை, மருந்து, மூக்குக்கண்ணாடி, சோப்பு போன்ற அன்றாடப் பொருட்களைத் திரட்டி வழங்குதல்.

சிறு குற்றங்களுக்காக அடைக்கப்பட்டு, அபராதம் கட்ட வழியின்றிச் சிறையிலேயே இருந்தவர்களுக்காகப் பணம் கட்டி விடுவித்தல்.

பல் மருத்துவர்களின் உதவியுடன் கைதிகளின் பற்களைச் சீர்செய்தல். பல் இழந்தவர் சிரிக்கவும் பேசவும் கூசுகிறார், விடுதலையான பின் வேலை கேட்டுச் செல்லவும் தயங்குகிறார் என்பதை அவர் கவனித்திருந்தார்.

உரிமை கோர யாரும் இல்லாமல் இறந்தவர்களின் உடல்களைப் பெற்று, முறைப்படி நல்லடக்கம் செய்தல்.

நோயுற்றோருடனும் மரணப்படுக்கையில் இருப்போருடனும் உடனிருந்து செபித்தல்.

அவரது பணி கைதிகளோடு நின்றுவிடவில்லை. சிறைக் காவலர்களும் தங்கள் குடும்பச் சிக்கல்களை அவரிடம் பேசினர். பணியின்போது கொல்லப்பட்ட காவல்துறையினரின் குடும்பங்களுக்கு உதவ 'பிராசோஸ் அபியெர்த்தோஸ்' (விரித்த கரங்கள்) என்ற அமைப்பையும் ஏற்படுத்தினார். போதைப்பொருள் குழுக்களுக்கும் காவல்துறைக்கும் இடையே பகை மூண்டிருந்த நகரில், இரு தரப்புக் குடும்பங்களுக்கும் ஒருவரே ஆறுதலாக இருந்தது அரிதானது.

கண்டிப்பும் மன்னிப்பும்

அன்னை அந்தோனியா குற்றத்தைச் சிறிதாக்கிப் பேசியவர் அல்லர். கைதி தான் செய்தது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும், பாதிக்கப்பட்டவர்களை நினைத்து வருந்த வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். வறுமையையோ கூடாத நட்பையோ சாக்காகச் சொல்லித் தப்பிப்பதை அவர் ஏற்கவில்லை. குற்றத்தை வெறுத்தாலும் குற்றம் செய்தவரைக் கைவிடக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு.

சிறைப்பணி செய்வோர் எதிர்கொள்ளும் கடினமான கேள்வி இங்கே எழுகிறது. கொலை செய்தவரிடம் அன்பு காட்டுவது, கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு இழைக்கும் அநீதி ஆகாதா? காவலர் குடும்பங்களுக்காக அவர் ஏற்படுத்திய அமைப்பை இக்கேள்விக்கு அவர் செயலால் சொன்ன விடையாகக் கொள்ளலாம்.

1994 கலவரம்

1994-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று இரவு லா மேசாவில் கலவரம் மூண்டது. மின்சாரம் இல்லாமல் சிறை இருளில் மூழ்கியது. கைதிகள் கையில் துப்பாக்கிகள் இருந்தன. தன்னை உள்ளே விடும்படி அன்னை அந்தோனியா அதிகாரிகளிடம் மன்றாடினார். அவரது உயிருக்கு அஞ்சித் தயங்கிய அதிகாரிகள் இறுதியில் அனுமதித்தனர். இருளில் உள்ளே சென்ற அவர், கைதிகளிடம் கெஞ்சி, ஆயுதங்களைக் கைவிடச் செய்தார். கலவரம் முடிவுக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 67.

இந்நிகழ்வு அவரது துணிவுக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த இரவில் கைதிகள் அவர் சொல்லைக் கேட்டதற்குக் காரணம், அதற்கு முந்தைய 17 ஆண்டுகள். போர்வை கொடுத்தவரின் குரலையும், இறந்த நண்பனை அடக்கம் செய்தவரின் குரலையும் அவர்கள் இருளிலும் அறிந்திருந்தனர்.

பதினோராம் மணி வேளையின் ஊழியர்கள்

தனக்கு மூடப்பட்டிருந்த கதவைப் பிறருக்குத் திறந்துவைக்க அன்னை அந்தோனியா விரும்பினார். கணவரை இழந்தவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், மணம் செய்யாதவர்கள் எனப் பல நிலைகளில் உள்ள, நடுவயதைக் கடந்த பெண்கள் அவரது பணியில் சேர முன்வந்தனர். அவர்களுக்காக 'பதினோராம் மணி வேளையின் யூடிஸ்ட் ஊழியர்கள்' என்ற சபையை உருவாக்கினார். 2003-இல் டிஹுவானா ஆயர் ரஃபாயேல் ரோமோ முனியோஸ் இச்சபையை முறைப்படி ஏற்றார்.

'பதினோராம் மணி வேளை' என்பது மத்தேயு நற்செய்தியில் உள்ள திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமையில் இருந்து வந்தது. தோட்ட உரிமையாளர் விடியற்காலையில் சிலரையும், பின்னர் பல வேளைகளில் வேறு சிலரையும் வேலைக்கு அழைக்கிறார். பகல் முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போதும் சிலரை அழைக்கிறார். அக்கால யூதர் கணக்கில் அது பதினோராம் மணி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ மாலை 5 மணி. கடைசியில் வந்தவர்களுக்கும் காலையில் வந்தவர்களுக்கும் ஒரே கூலி கிடைக்கிறது. வாழ்வின் மாலையில் வந்தவர்களுக்கும் தோட்டத்தில் வேலை உண்டு என்பதே அப்பெயரின் பொருள்.

'யூடிஸ்ட்' என்ற சொல், 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த புனித ஜான் யூட்ஸ் என்பவரைக் குறிக்கும். அவர் 1643-இல் யூடிஸ்ட் குருக்கள் சபையை நிறுவினார். அன்னை அந்தோனியாவின் சபை அவரது ஆன்மிக மரபைப் பின்பற்றுகிறது.

சபையின் இல்லமான 'காசா கொராசோன் தே மரியா' (மரியாளின் இதய இல்லம்) சிறையை அடுத்து அமைந்தது. சபையில் சேரும் பெண்கள் பிள்ளைகளை வளர்த்தவர்கள், வேலை பார்த்தவர்கள், நோயாளிகளைப் பராமரித்தவர்கள். இளம் துறவியர் பயிற்சியில் கற்க வேண்டிய பலவற்றை அவர்கள் வாழ்க்கையிலேயே கற்றிருந்தனர்.

பணியின் எல்லைகள்

அன்னை அந்தோனியாவின் பணி பலருடைய வாழ்வை மாற்றினாலும், லா மேசா சிறையை அது முழுமையாக மாற்றிவிடவில்லை. 2002 ஆகஸ்டில் அரசு படைகளைக் கொண்டு 'எல் புவெப்லீத்தோ' பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கியது. கைதிகளில் பலர் எல் ஹோங்கோ என்ற புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர். ஆயினும் நெரிசலும் வன்முறையும் தீரவில்லை. 2008 செப்டம்பரில் ஒரே வாரத்தில் நடந்த இரு கலவரங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

தனி ஒருவரின் அன்பு, சீர்கெட்ட சிறை நிர்வாகத்துக்கு மாற்று ஆகாது என்பதை இது காட்டுகிறது. நெரிசலைக் குறைப்பதும், வழக்குகளை விரைந்து முடிப்பதும், ஊழலைத் தடுப்பதும் அரசின் கடமை. அந்த மாற்றம் வரும்வரை உள்ளே இருப்பவரின் இன்றைய இரவு எப்படிக் கழியும் என்பதே அன்னை அந்தோனியா எடுத்துக்கொண்ட பொறுப்பு.

இறுதிக்காலம், நினைவுகள்

இறுதி ஆண்டுகளில் தசைகளைத் தளரச் செய்யும் நரம்பு நோயாலும் இதய நோயாலும் அவர் துன்புற்றார். உடல்நிலை காரணமாகச் சிறைக்கு வெளியே சபை இல்லத்தில் தங்க நேர்ந்தது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று டிஹுவானாவில் தமது 86-ஆம் வயதில் மறைந்தார்.

புலிட்சர் விருது பெற்ற இதழாளர்களான மேரி ஜோர்டன், கெவின் சல்லிவன் ஆகியோர் அவரது வாழ்க்கையை 'தி பிரிசன் ஏஞ்சல்' என்ற நூலாக எழுதினர். அது 2005-இல் வெளிவந்தது. அவரைப் பற்றி 'லா மாமா' என்ற ஆவணப்படமும் எடுக்கப்பட்டது. லா மேசா சிறையை ஒட்டிய சாலைக்கு 2007-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

மதிப்பீடு

செல்வத்தைத் துறந்து பணிக்கு வந்தவர் என்ற அளவிலேயே அன்னை அந்தோனியா பெரும்பாலும் பேசப்படுகிறார். ஆனால் அவர் துறந்தவற்றுக்கு இணையாக, தம்முடன் கொண்டுவந்தவையும் முக்கியமானவை. வணிகத்தில் கற்ற பேச்சுத்திறன் மருந்து திரட்ட உதவியது. பிள்ளைகளை வளர்த்த அனுபவம், கண்டிக்கவும் அணைக்கவும் தெரிந்த தாயாக அவரைக் கைதிகளிடம் நிறுத்தியது. இருமுறை முறிந்த மணவாழ்க்கை, தோற்றவர்களைத் தாழ்வாக எண்ணாத மனத்தைத் தந்தது. துறவுக்குத் தகுதிக்குறைவாகக் கருதப்பட்ட கடந்தகாலமே அவரது பணிக்குத் துணையாயிற்று. பதினோராம் மணியில் வந்த அவர், அதன்பின் ஏறத்தாழ 36 ஆண்டுகள் உழைத்தார்.